துதிக்க வாய் வராத நாள்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், ஞாயிறு ஆராதனையில் நாம் பாடும் துதிகளைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து மதுரையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் ஆறு கடிதங்களை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்கள் விரும்பியபடி பெயர்களை விட்டுவிட்டேன். முதற்கடிதம் இரண்டு நாள் என்னைப் பேனாவைத் தொடவிடாமல் வைத்திருந்தது. ஆகவே அதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

*ஐயா, என் கணவர் இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. ஞாயிறுதோறும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போகிறேன். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன்; பாட வாய் வருவதில்லை, அழுகைதான் வருகிறது. "துதித்தால் துக்கம் விலகும், துதிக்காமல் இருந்தால் சத்துருவுக்கு இடங்கொடுக்கிறாய்" என்று எங்கள் ஜெபக்குழுவில் ஓர் அக்கா சொன்னார். கர்த்தர் துதிகளில் வாசம்பண்ணுகிறவர் என்றால், துதிக்காத என்னிடம் அவர் இல்லையா?*
— ஒரு வாசகி, திருமங்கலம்

அன்புச் சகோதரி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கர்த்தர் துதிகளுக்குள் வாசமாயிருக்கிறார் என்னும் வசனம் நம் கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. அது எந்தச் சங்கீதத்தில் வருகிறது என்று திருப்பிப் பார்க்கிறவர்கள் குறைவு. அது 22ஆம் சங்கீதத்தின் 3ஆம் வசனம். அதே சங்கீதத்தின் 1ஆம் வசனம், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது. பகலில் கூப்பிட்டேன், உத்தரவு இல்லை. இரவிலும் கூப்பிடுகிறேன், அமைதி இல்லை என்று 2ஆம் வசனத்தில் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேதான் சங்கீதக்காரர் இஸ்ரவேலின் துதிகளுக்குள் வாசமாயிருக்கிறவரே என்று தேவனை அழைக்கிறார். தாம் அப்போது பாடிக்கொண்டிருப்பதாக அவர் சொல்லவே இல்லை. தம்முடைய பிதாக்கள் நம்பினார்கள், அவர்கள் கூப்பிட்டபோது தப்பினார்கள் என்று, தமக்கு முன்னே பாடியவர்களை நினைத்துக்கொள்கிறார். ஆகவே அந்த வசனத்தை முதலில் சொன்னவர், இன்று நீங்கள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற அதே இடத்தில் நின்றவர். அந்தச் சங்கீதத்தின் முதல் வார்த்தைகளைச் சிலுவையில் தம் வாயில் எடுத்துக்கொண்டவர் நம்முடைய ஆண்டவர். அவர் உங்களிடம் இல்லையா என்று கேட்கிறீர்கள். அவர் அங்கே உங்களுக்கு முன்பாகவே போய் நின்றிருக்கிறார்.

எபிரெய மொழியில் சங்கீத புத்தகத்தின் பெயர் "துதிகள்" என்று பொருள்படும். அந்தப் பெயரைத் தாங்கிய 150 பாடல்களில் மிகப் பல, கண்ணீரும் முறையீடுமாக இருப்பவை. 13ஆம் சங்கீதம் முதல் இரண்டு வசனங்களுக்குள் நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறது. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. கடைசி வசனத்தில்கூட ஓர் ஆறுதல் வார்த்தை கிடையாது. அதன் தலைப்பைக் கவனித்துப் பாருங்கள்: அதையும் இராகத்தலைவனிடம் ஒப்புவித்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் தனியறையில் எழுதி மறைத்து வைத்த புலம்பலாக அது இருந்துவிடவில்லை. பாடகர்களிடம் கொடுத்து, சபை நடுவில் பாடுவதற்கென்று வைத்திருந்தார்கள். துயரத்தைத் துதியின் புத்தகத்துக்கு வெளியே தள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை. நமக்குத்தான் அந்தப் பழக்கம் எப்படியோ வந்துவிட்டது. மகிழ்ச்சிப் பாடல்கள் மட்டுமே அடுக்கடுக்காக வருகிற ஆராதனையில், துக்க வீட்டிலிருந்து வந்தவர் தம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார் என்று, பாடல்களைத் தெரிந்தெடுக்கிற நாங்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. இந்தக் குறையை உங்கள்மேல் சுமத்தாமல் எங்கள்மேல் சுமத்துங்கள்.

அந்த அக்காவின்மேல் வருத்தம் வைக்காதீர்கள். பவுலும் சீலாவும் பிலிப்பி பட்டணத்துச் சிறையில் நடுராத்திரியிலே பாடியதை நினைத்து அவர் சொல்லியிருப்பார். ஆனால் அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தை இன்னும் சற்று நிதானமாகப் படித்தால், பாடியவர்கள் இரண்டே பேர் என்பது தெரியும். மற்ற கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. கதவுகள் திறவுண்டபோதோ பாடிய இருவரின் கட்டுகள் மட்டும் கழலவில்லை, எல்லாருடைய கட்டுகளும் கழன்றன. நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் ஒருவர். உங்களுக்கு இருபுறமும் நிற்கிறவர்கள் உங்களுக்காகவும் பாடுகிறார்கள்; அப்படிப் பாடுவது அவர்களுடைய கடமை. திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்த நான்கு பேரை மாற்கு 2ஆம் அதிகாரத்தில் பார்க்கிறோம். அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டுதான் இயேசு அவனிடம் பேசினார். அவன் தானும் பாடினானா, துதித்தானா என்று யாரும் விசாரிக்கவில்லை.

கத்தோலிக்கச் சகோதரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தின இரவுத் திருவிழிப்பு வரையில் அவர்கள் வழிபாட்டில் "அல்லேலூயா" பாடுவதில்லை. அந்தச் சொல்லைக் கொஞ்ச நாள் உள்ளே வைத்துக் காத்திருக்கிறார்கள். சபை முழுவதுமே அப்படிக் காத்திருக்கலாம் என்றால், கணவரை அடக்கம்பண்ணி எட்டு மாதமே ஆன ஒருவர் காத்திருப்பதில் என்ன பிழை?

என் தாயார் இறந்த ஆண்டில் நானும் பாடவில்லை. ஆராதனையை நடத்துகிற பொறுப்பு என்னிடம் இருந்தது. கீர்த்தனையின் எண்ணை அறிவிப்பேன், முதல் அடியைப் பாடகர் குழுவுக்கு விட்டுவிடுவேன். அப்போது எனக்கு உதவியாக இருந்தது, வீட்டில் 13ஆம் சங்கீதத்தை இராகமில்லாமல் சத்தமாக வாசித்ததுதான். ஆறே வசனம். சில நாள் முதல் இரண்டு வசனத்தோடு நிறுத்திவிட்டேன். அதற்கு மேலே போக முடியவில்லை. நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள். பிள்ளைகள் பாட விரும்பினால் பாடட்டும். அம்மா அழுகிறாரே என்று அவர்கள் நிறுத்திவிடாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆலயத்துக்கு வருவதை விட்டுவிடாதீர்கள்.

*எங்கள் சபையில் கீபோர்டு வாசிக்கிறேன். பெரியவர்கள் கீர்த்தனையும் பாமாலையும் மட்டும்தான் ஆராதனைக்கு ஏற்றவை என்கிறார்கள்; வாலிபர்கள் புதிய பாடல்கள்தான் வேண்டும் என்கிறார்கள். சென்ற மாதம் கமிட்டிக் கூட்டத்தில் சண்டையாகவே ஆகிவிட்டது. எது சரி?*
— ஒரு வாலிபர், வில்லாபுரம்

தம்பி, இந்தச் சண்டைக்கு முந்நூறு ஆண்டு வயது இருக்கும். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவும் அவருக்குப் பின்வந்தவர்களும் ஜெர்மானியப் பாடல்களைத் தமிழாக்கி, அந்நாட்டு மெட்டுகளிலேயே பாடவைத்தார்கள். நாம் ஞானப்பாட்டு என்றும் பாமாலை என்றும் பாடுகிறவற்றில் பல அந்த வழியில் வந்தவை. பிறகு தஞ்சையில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), நம் நாட்டு இராகதாளங்களில், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில் ஏராளமாகப் பாடினார். இதில் நம் மதுரைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மதுரையில் ஊழியத்தைத் தொடங்கிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர், 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து ஆராதனைக்கென அச்சிட்டார். அதில் சாஸ்திரியாரின் பாடல்கள் நிறைய இடம்பெற்றன. உங்கள் சபைப் பெரியவர்கள் இன்று கையில் வைத்திருக்கும் கீர்த்தனைப் புத்தகம் அந்த மரபில் வந்தது. அது ஒரு காலத்தில் புத்தம்புதிய புத்தகமாக இருந்தது என்பதை அவர்களுக்கு அன்போடு நினைவூட்டுங்கள்.

வாலிபர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கீர்த்தனை இந்த மண்ணில் ஏன் ஊன்றி நின்றது என்று யோசித்துப் பார்த்தீர்களா? எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துச் சபைகளில், உபதேசியார் சரணத்தைப் பாடுவார். சபையார் பல்லவியைத் திரும்பப் பாடுவார்கள். பல்லவி இரண்டு முறை காதில் விழுந்தாலே மனத்தில் தங்கிவிடும். சரணங்களோ படைப்பையும், பாவத்தையும், பெத்லகேமையும், சிலுவையையும் படிப்படியாகச் சொல்லிக்கொண்டே போகும். புத்தகம் வாங்க வழியில்லாத வீடுகளில் அந்தச் சரணங்கள்தான் வேதபாடமாக இருந்தன. 136ஆம் சங்கீதமும் இப்படி அமைந்ததே: 26 வசனங்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்ற ஒரே அடி. ஒருவர் கர்த்தர் செய்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்ல, ஜனங்கள் அந்த ஓரடியால் பதில் சொல்லியிருப்பார்கள். திரும்பத் திரும்பப் பாடுவது புதிய பாடல்களின் குற்றம் என்று பெரியவர்கள் சொன்னால் 136ஆம் சங்கீதத்தைக் காட்டுங்கள். ஆனால் திரும்பத் திரும்ப வரும் அந்த அடிகளுக்கு நடுவிலே கர்த்தர் செய்த காரியங்கள் 26 வசனங்களிலும் நிறைந்திருக்கின்றன என்பதை நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வரலாற்றில் இன்னொரு குரலும் உண்டு. அதை விட்டுவிட்டால் நான் நேர்மையாகப் பதில் சொன்னவனாக மாட்டேன். அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் நீண்டகாலம் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் தியோப்பிலஸ் அப்பாவு (1940–2005), "பரட்டை" என்று அன்போடு அழைக்கப்பட்டவர், நாட்டுப்புற மெட்டுகளில் ஆராதனை முறைமையையே அமைத்தார். மேல்நாட்டு மெட்டு நமக்கு அந்நியமாக இருந்தது என்று சொல்லிக் கர்நாடக இராகத்துக்கு வந்தோமே, அந்த இராகம் ஏழைகளுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் சொந்தமாக இருந்ததா என்று அவர் கேட்டார். வயலிலும் களத்திலும் பாடுகிறவர்களின் மெட்டும், தாழ்ந்தது என்று ஒதுக்கப்பட்ட பறையும் கர்த்தருடைய வீட்டுக்குள் வரவேண்டும் என்றார். இந்தக் கேள்வியின் நியாயத்தை மறுக்க என்னால் முடியவில்லை. "நம்முடைய இசை" என்று ஒருவர் சொல்லும்போது, அந்த "நம்" என்னும் சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது சபையின் வேலை.

ஆகவே மெட்டின் வயதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது. பவுல் எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதும்போது சங்கீதங்கள், கீர்த்தனைகள், ஞானப்பாட்டுகள் என்று மூன்றையும் சேர்த்தே சொல்கிறார்; கொலோசெயரில் அவற்றால் ஒருவருக்கொருவர் போதித்துப் புத்திசொல்லும்படியும் கேட்கிறார். நான் செய்கிற சோதனை ஒன்று உண்டு. ஒரு பாடலிலிருந்து இசையை எடுத்துவிட்டு, வரிகளை மட்டும் உரக்க வாசித்துப் பாருங்கள். எந்தத் தேவனைப் பற்றி அது பாடுகிறது, அவர் என்ன செய்தார் என்பது, வழியில் போகிறவர் ஒருவர் கேட்டாலும் விளங்கவேண்டும். "எனக்கு, எனக்காக, என்னை" என்பது மட்டுமே கேட்டால், அந்தப் பாடல் தனியே வீட்டில் பாடுவதற்கு நல்லதாக இருக்கலாம். சபை கூடிவரும்போது அதையே நான்கு முறை பாடவேண்டியதில்லை.

வாத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கீர்த்தனைக்குக் கீபோர்டில் தானாக ஓடும் தாளத்தைப் போட்டுவிடாதீர்கள். மூச்சு வாங்கும் பாட்டிக்காக அது நின்று காத்திருக்காது. கீர்த்தனையில் உயிராக இருக்கும் கமகத்தை, அதாவது சுரங்களை அசைத்துப் பாடும் நெளிவை, கீபோர்டின் கட்டைகள் தர முடியாது. அதனால் சுருதியை மட்டும் பிடித்துக்கொடுத்து, மெட்டைச் சபையாரின் குரலுக்கு விட்டுவிடுங்கள். சுருதியும் வயதானவர்களுக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கட்டும். ஒரு சனிக்கிழமை மாலை, உங்களைக் கடிந்துகொண்ட பெரியவர்களில் ஒருவரின் வீட்டுக்குப் போய், மூன்று கீர்த்தனைகளை அவர் பாடப்பாடக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். திரும்பும்போது, உங்கள் பாடல் ஒன்றைக் கற்றுக்கொள்வீர்களா ஐயா என்று கேட்டுப் பாருங்கள். கமிட்டியில் தீராதது அந்தத் திண்ணையில் தீரக்கூடும்.

*தன்னைப் புகழும்படி எல்லாரிடமும் கேட்கிற மனிதரை நாம் மதிப்பதில்லை. அப்படியிருக்க, தேவன் நம்மிடம் துதியை ஏன் எதிர்பார்க்கிறார்? அவருக்கு அது எதற்கு?*
— ஒரு கல்லூரி மாணவி, பசுமலை

மகளே, நல்ல கேள்வி. சங்கீதக்காரரே இதற்கு இடங்கொடுத்திருக்கிறார். 50ஆம் சங்கீதத்தில் தேவன், நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன், பூமியும் அதன் நிறைவும் என்னுடையவை என்கிறார். இப்படித் தமக்கு எதுவும் குறைவில்லை என்று சொன்ன பிறகுதான், ஸ்தோத்திரபலியிடு என்று கேட்கிறார். அவருக்குக் குறைவு இருந்து, அதை நிரப்பத் துதி போகவில்லை என்பது அந்த வரிசையிலேயே தெரிகிறது.

அப்படியானால் துதி எங்கே போகிறது? நீங்கள் தமிழ் படித்திருப்பீர்கள் என்ற நம்பிக்கையில், நம் இலக்கியத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை. வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணனோ கூத்தனோ, வழியில் பசியோடு வருகிற இன்னொருவனைக் காண்கிறான். நானும் உன்னைப்போல வாடித்தான் போனேன். இந்த வழியாகப் போ, இன்ன இன்ன ஊர்களைக் கடந்து போ, அவர் வாசல் அடைத்திருக்காது என்று சொல்லி அனுப்புகிறான். அந்த நூல் முழுவதும் வள்ளலின் புகழ்ச்சிதான். ஆனால் வள்ளலின் முன்னே நின்று அவன் முகம் மலரச் சொல்லும் புகழ்ச்சியாக அது இல்லை. வெயிலில் நிற்கும் பசித்தவனுக்கு வழிகாட்டும் புகழ்ச்சி அது. அந்த வகையையே திருமுருகாற்றுப்படை தெய்வத்தை நோக்கித் திருப்பிற்று என்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

சங்கீதங்களின் துதியும் எனக்கு இவ்வாறே படுகிறது. 34ஆம் சங்கீதத்தில், கர்த்தரை எக்காலத்திலும் ஸ்தோத்திரிப்பேன் என்று தொடங்கியவர், அடுத்த வசனத்திலேயே, சிறுமைப்பட்டவர்கள் அதைக் கேட்டு மகிழுவார்கள் என்கிறார். கேட்கிறவர்கள் வரிசையில் ஏழைகள் நிற்கிறார்கள். இந்த ஏழை கூப்பிட்டான், கர்த்தர் கேட்டார் என்று தன் கதையைச் சொல்லிவிட்டு, ருசித்துப் பாருங்கள் என்று மற்றவர்களைக் கூப்பிடுகிறார். பரிசு பெற்ற பாணன் சொல்வதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. பெறாதவன் ஆற்றுப்படை பாட முடியாது என்பதும் இங்கே உண்டு. துதிக்க வரவில்லை என்று தோன்றும் நாளில், குரலை உயர்த்துவதைவிட, நாம் பெற்றுக்கொண்டது என்ன என்று உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பது பயனுள்ளது.

*எனக்குச் சுருதி சேராது. பக்கத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். மெல்ல முணுமுணுத்தால் போதுமா?*
— ஒரு வாசகி, மேலூர்

போதாது அம்மா, வாய் திறந்து பாடுங்கள். 100ஆம் சங்கீதம் பூமியின் குடிகள் எல்லாரையும் கர்த்தரைக் கெம்பீரமாய்ப் பாடச் சொல்கிறது. அங்கே வரும் எபிரெயச் சொல், ராஜாவை வரவேற்கும் கூட்டம் எழுப்பும் ஆரவாரத்தைக் குறிப்பது. ஆரவாரத்தில் யாரும் சுருதி பார்ப்பதில்லை. தனிப்பாடலுக்குத்தான் சுருதி கட்டாயம். சபையாக நூறு பேர் பாடும்போது உங்கள் குரல் அதற்குள் சேர்ந்துகொள்ளும். நன்றாகப் பாடத் தெரிந்த ஒருவருக்குப் பின்வரிசையில் நின்றால் காதும் மெல்ல மெல்லப் பழகிவிடும். திரும்பிப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

*எங்கள் கிராமத்து ஆலயத்துக்கு நன்கொடையாளர் ஒருவர் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகள் வாங்கிக் கொடுத்தார். அது முதல் முன்னே நின்று பாடுகிற நான்கு பேரின் சத்தம் மட்டுமே கேட்கிறது. சபையார் பாடுவதை நிறுத்திவிட்டார்கள். வெளியேயும் பெட்டி கட்டியிருக்கிறோம். ஊரில் உள்ள மற்றவர்கள் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. இது சரிதானா என்று எனக்கு மனக்கலக்கமாக இருக்கிறது.*
— ஒரு சபை மூப்பர், உசிலம்பட்டி அருகே

ஐயா, உங்கள் கலக்கம் நியாயமானது. உள்ளே நடப்பதை முதலில் பார்ப்போம். புனித அகுஸ்தீன் தம் வாழ்க்கையைத் தேவனிடம் அறிக்கையிட்டு எழுதிய நூலில் பாடலைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறார். மிலான் நகரில், அம்புரோஸ் ஆயராக இருந்த சபையில் பாடல்களைக் கேட்டுத் தாம் அழுததையும், அந்தக் கண்ணீர் தமக்கு நன்மையாக இருந்ததையும் நன்றியோடு சொல்கிறார். வேறோரிடத்தில், பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தம்மை அதிகம் அசைத்தால் அது பாவம் என்றும், அப்போது பாடலைக் கேளாமல் இருப்பதே மேல் என்று தோன்றுவதாகவும் எழுதுகிறார். ஆயினும் பாடலை விலக்கிவிட அவர் முடிவுசெய்யவில்லை. ஆலயத்தில் பாடும் வழக்கம் பலவீனருக்கு உதவுகிறது என்று அதற்கு ஆதரவாகவே நிற்கிறார். துதியைப் பாடுகிறவன் துதிப்பதோடு நில்லாமல் மகிழ்ச்சியோடு துதிக்கிறான், தான் பாடுகிறவரை நேசிக்கவும் செய்கிறான் என்று சங்கீத விளக்கத்தில் எழுதியவரும் அவரே.

இவையெல்லாம் பாடுகிறவரைப் பற்றிய வார்த்தைகள். உங்கள் சபையில் பாடுகிறவர்கள் நான்கு பேர் என்றால், மற்றவர்கள் என்ன ஆனார்கள்? அவர்கள் கேட்பவர்களாகிவிட்டார்கள். முதற்கடிதம் எழுதிய சகோதரியைப் போலத் துக்கத்தால் வாய் அடைத்தவர் கேட்டுக்கொண்டு நிற்பது வேறு. பாடக்கூடியவர்களின் வாயைப் பெட்டிகள் அடைப்பது வேறு. வருகிற ஞாயிறன்று ஒரு கீர்த்தனையின் ஒரு சரணத்துக்கு மட்டும் பெட்டியை நிறுத்திப் பாருங்கள். முதல் தடவை சபையார் தடுமாறுவார்கள், சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். மூன்றாம் வாரத்தில் அவர்களுடைய குரல் திரும்பி வந்திருக்கும். நன்கொடையாளர் மனம் புண்படாதபடி, பிரசங்கத்துக்கும் வேதவாசிப்புக்கும் பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள். காது மந்தமானவர்களுக்கு அது உண்மையிலேயே உதவி.

வெளியே கட்டிய பெட்டியைக் கழற்றிவிடுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடைசெய்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவுக்கு 45 டெசிபல் என்பதே வரம்பு. பகல் வரம்பே ஏறக்குறைய இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் சத்தத்தின் அளவுதான். எல்லா மதத்தாருடைய விழாக்களுக்கும் இந்த விதி ஒன்றே. மற்றவர்கள் செய்கிறார்களே என்ற நியாயம் உங்களுக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் ஆமோஸ் தீர்க்கதரிசியின் 5ஆம் அதிகாரத்தில், உன் பாட்டுகளின் இரைச்சலை என்னை விட்டு அகற்று என்று கர்த்தர் சொல்வது மற்றவர்களிடம் அன்று, தம்முடைய சொந்த ஜனத்திடம். அதே மூச்சில் அவர் கேட்பது, நியாயம் தண்ணீரைப்போல் புரண்டுவர வேண்டும் என்பது. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும், இரவு வேலை முடிந்து பகலில் உறங்குகிறவரும், நோயில் படுத்திருக்கும் முதியவரும் நம்மிடம் நியாயம் கேட்கும் உரிமை உள்ளவர்கள். ஊரார் ஒன்றும் சொல்லாமல் இருப்பது அவர்களுடைய பெருந்தன்மை. அவர்கள் வாய் திறந்து சொல்லும்வரை காத்திராமல் நீங்களே முந்திக்கொண்டு கழற்றினால், அவர்கள் கேட்கும் முதல் நற்செய்தியாக அது இருக்கக்கூடும்.

*என் தந்தை ஓய்வுபெற்ற ஆசிரியர். நான்கு ஆண்டுகளாக மறதி நோய். இப்போது என்னைத் தெரியவில்லை. "நீங்கள் யார் அம்மா" என்று கேட்கிறார். ஆனால் நான் ஒரு கீர்த்தனையின் பல்லவியைத் தொடங்கினால், அவர் கண்களை மூடிக்கொண்டு சரணங்கள் எல்லாவற்றையும் பிழையில்லாமல் பாடிவிடுகிறார். தாம் பாடுவது என்ன என்று தெரியாமல் பாடுகிற இதைத் தேவன் துதியாக ஏற்றுக்கொள்வாரா?*
— ஒரு மகள், திருநகர்

அன்பு மகளே, இதை எழுதும்போது உங்கள் கை நடுங்கியிருக்கும்.

மறதி நோயில் மற்ற நினைவுகள் போன பிறகும் பழகிய பாடல்கள் பலருக்கு நீண்டகாலம் தங்கியிருப்பதை மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் வீட்டில் நடப்பது உங்கள் கற்பனையும் அன்று, புரியாத அதிசயமும் அன்று. அதனால் அது கர்த்தருடைய இரக்கமாக இல்லாமற்போய்விடாது. கருத்தோடும் பாடுவேன் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது உண்மை. உங்கள் தந்தை அந்தச் சரணங்களைச் சிறுவயது முதல் கருத்தோடு பாடிப் பாடி உள்ளே வைத்திருக்கிறார். இன்று அவர் வாயில் வருவது, அறுபது எழுபது ஆண்டு அறிந்து பாடிய துதி. அறிந்தவர் பாடியது, அறிவு மங்கியதால் கணக்கிலிருந்து எடுபட்டுப் போகுமா? "முதிர்ந்த வயதில் என்னைத் தள்ளிவிடாமலும், என் பெலன் ஒடுங்கும்போது என்னைக் கைவிடாமலும் இரும்" என்று 71ஆம் சங்கீதத்தில் ஒரு முதியவர் வேண்டிக்கொள்கிறார். பெலன் என்பதில் நினைவாற்றலும் அடங்கும் என்று நான் நம்புகிறேன். உங்கள் பெயரை அவர் மறந்திருக்கலாம். அவருடைய பெயர் மறக்கப்படவில்லை.

நான் முதற்கடிதத்துக்கு எழுதிய பதிலையும் படித்துப் பாருங்கள். அங்கே பாட இயலாதவருக்காக மற்றவர்கள் பாடுகிறார்கள். உங்கள் வீட்டில் நீங்கள் முதல் அடியை எடுத்துக்கொடுக்க, உங்களைத் தெரியாத தந்தை உங்களோடு சேர்ந்து பாடுகிறார். அந்த ஐந்து நிமிடம் நீங்கள் இருவரும் ஒரே சபை.

சில நடைமுறை யோசனைகள் மட்டும் சொல்கிறேன். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பொழுது சாயும் நேரத்தில் மனம் அலைபாய்வது உண்டு. அந்த நேரத்தைப் பாட்டுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கொரு பாட்டை மாற்றாமல், இரண்டு மூன்றையே தாழ்ந்த சுருதியில் பாடுங்கள். அவர் நடுவில் நிறுத்தினால் திருத்தவேண்டாம், பல்லவிக்குத் திரும்புங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். அவர் பாடுகிற சரணங்களைத் தேதியோடு எழுதி வையுங்கள். செல்பேசியிலும் பதிவு செய்யுங்கள். பழைய பதிப்புகளில் இருந்து, பின்னர் சுருக்கும்போது விடப்பட்ட சரணங்கள் அந்தத் தலைமுறையினரின் வாயில் இன்னும் இருக்கின்றன. உங்கள் புத்தகத்தில் இல்லாத ஒன்றை அவர் பாடினால், அதை எழுதி எனக்கு அனுப்புங்கள்.